பழைய காரைப் பதிப்பித்தல்

இந்திய நகரங்களின் அடுக்ககத் தரைத்தளங்களிலும் வீட்டு முற்றங்களிலும் இப்போது அடிக்கடி காணக் கிடைக்கும் காட்சி ஒன்று உண்டு. வாரம் முழுவதும் தார்ப்பாயால் மூடிக் கிடக்கும் பழைய அம்பாசிடரோ பிரீமியர் பத்மினியோ ஞாயிற்றுக்கிழமை காலையில் வெளிச்சத்துக்கு வரும். வங்கியிலோ மென்பொருள் நிறுவனத்திலோ பணிபுரியும் ஒருவர் அதன் அருகே அமர்ந்து, கைப்பேசியில் ஓடும் காணொளியை நிறுத்தி நிறுத்திப் பார்த்துக்கொண்டு, துருவேறிய போல்ட்டு ஒன்றோடு மல்லுக்கட்டுவார். இரண்டு மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு அந்த வண்டி புது மினுக்கத்தோடு தெருவுக்கு வரும். அதன் படத்துக்குக் கீழே ‘தானே கற்று, தன் கையாலேயே மீட்டெடுத்தது’ என்ற வரி இருக்கும். பாராட்டுகள் குவியும்.

அந்தப் பாராட்டு நியாயமானதுதான். ஆயினும் ‘தானே கற்றல்’ என்ற தொடர் எதைச் சொல்கிறது, எதை மறைக்கிறது என்பதை ஆராயாமல் விடுவது நேர்மையாகாது. பழைய காரை வீட்டிலேயே மீட்பவர் பழுதுபார்ப்பவர் மட்டுமல்லர். அழியும் நிலையிலுள்ள ஓர் ஏட்டைக் கையில் எடுத்திருக்கும் பதிப்பாசிரியருக்கு நிகரானவர். நல்ல பதிப்பாசிரியருக்கு மூன்று கடமைகள் உண்டு. திருத்துவதற்கு முன் படிக்க வேண்டும். தான் திருத்திய இடம் எதுவென்று காட்ட வேண்டும். ஏட்டைக் கொடுத்தவர் யார், பொருள் விளங்கவைத்தவர் யார் என்பதைப் பெயர் சொல்லிப் பதிய வேண்டும். முதலிரண்டு கடமைகளையும் இன்றைய மீட்பாளர்கள் பலர் ஓரளவு செய்கிறார்கள். மூன்றாவது பெரும்பாலும் விடுபட்டுப் போகிறது. அதனால் நேரும் இழப்பு, ஒரு கார் துருப்பிடித்து அழிவதைவிடப் பெரியது.

முதலில் படிப்பு. பல ஆண்டுகள் ஓடாமல் நின்ற காரை வாங்கியவருக்கு எழும் முதல் ஆசை, சாவியைத் திருகி எஞ்சினை ஓடவைத்துப் பார்ப்பது. அதுவே முதல் தவறாகவும் அமையக்கூடும். சிலிண்டர் சுவரில் துரு பூத்திருக்க, பிஸ்டன் வளையங்கள் அதன்மேல் உரசினால், பிழைத்திருக்க வேண்டிய எஞ்சினும் கெடும். பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு துளையிலும் சிறிது எண்ணெய் விட்டு, ஓரிரு நாள் ஊறவைத்து, பிறகு கையால் எஞ்சினைச் சுற்றிப் பார்ப்பதே முறை. தொட்டியில் கெட்டுப்போன பெட்ரோலை வடிக்க வேண்டும். எஞ்சின் எண்ணெயை மாற்ற வேண்டும். எஞ்சினைவிட முதலில் கவனிக்க வேண்டியது பிரேக். ஓடாத வண்டியால் எவருக்கும் தீங்கில்லை. நிற்காத வண்டியால் உண்டு.

அடுத்தது உடற்கூடு. அம்பாசிடரும் பத்மினியும் தனிச் சட்டகத்தின்மேல் கூட்டை ஏற்றி வைத்த வண்டிகள் அல்ல. அவற்றில் தகட்டுக் கூடே எலும்பாகவும் நின்று சுமை தாங்குகிறது. எனவே கதவுக்குக் கீழே நீளவாக்கில் ஓடும் பெட்டிபோன்ற பகுதி துருவேறியிருந்தால் அதை அழகுக் குறை என்று தள்ளிவிட முடியாது. வீட்டின் உத்தரம் செல்லரித்ததற்கு அது சமம். அந்தப் பகுதியை வெட்டி எடுப்பதற்கு முன் கதவு வாயிலின் குறுக்கே இரும்புக் குழாய் வைத்து முட்டுக்கொடுக்காவிட்டால் கூடு தொய்ந்துவிடும். புதுத் தகட்டைப் பற்றவைத்து முடித்த பிறகு கதவு மூடாது. துரு எங்கே ஒளிந்திருக்கிறது என்பதைப் பெயின்ட் சொல்லாது. ஒரு சிறு காந்தம் சொல்லும். தகட்டில் பிடித்துக்கொள்ளும் காந்தம், பட்டி தடித்துப் பூசிய இடத்தில் பிடிக்காமல் நழுவும். அந்த இடங்களைச் சுண்ணக்கட்டியால் வட்டமிட்டுக்கொண்டே வந்தால், வண்டி எங்கெங்கே அடிபட்டது, எவ்வளவு அவசரமாக அது மறைக்கப்பட்டது என்ற வரலாறு கண்முன் விரியும். சுவடியில் சிதைந்த இடங்களைக் குறித்துக்கொண்டு, அதன் பிறகே பாடம் காண முற்படும் பதிப்பாசிரியரின் வேலையும் இதுதான்.

கழற்றுவது எளிது. நான்கு மாதங்களுக்குப் பிறகு நினைவை நம்பிப் பூட்டுவதே அரிது. பழுதுபார்ப்பு நூல்கள் கழற்றும் முறையைப் பக்கம் பக்கமாக விவரித்துவிட்டு, பூட்டுவது அதன் தலைகீழ் வரிசை என்று ஒரே வரியில் முடித்துவிடுவது வழக்கம். அந்த ஒரு வரிக்குள்தான் தொடக்கநிலையாளர்கள் பலர் தொலைந்து போகிறார்கள். ஒவ்வொரு படியிலும் படம் எடுத்து, ஒவ்வொரு பகுதியின் போல்ட்டுகளையும் தனிப்பையிலிட்டு, பையின்மேல் இடத்தையும் தேதியையும் எழுதி வைப்பவர் தப்பிப்பார். வண்டி மீட்பில் கைத்திறனுக்கு முன்னே வர வேண்டியது எழுதும் பழக்கம்.

நூல்களின் எல்லையும் இங்கேதான் தெரியவருகிறது. அம்பாசிடர் பிரிட்டனின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசைக் காரை அடியொற்றியது. 1950களின் இறுதியிலிருந்து 2014 மே மாதம் வரை, மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் ஆலை அதை உற்பத்தி செய்தது. மூல வண்டி பிரிட்டனில் விரைவிலேயே வழக்கொழிந்தது. இங்கே அரை நூற்றாண்டுக்கும் மேல் ஓடியது. எனவே ஆக்ஸ்ஃபோர்டு காருக்கு எழுதப்பட்ட ஆங்கிலக் கையேடு இன்றும் ஓரளவு உதவும். 1489 சிசி எஞ்சினின் தீப்பொறி வரிசை 1, 3, 4, 2 என்பதையும், டிஸ்ட்ரிபியூட்டர் முனைகளின் இடைவெளி ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் 14 முதல் 16 பங்கு என்பதையும் அதில் காணலாம். அம்பாசிடரின் போல்ட்டுகள் அங்குல அளவில் அமைந்தவை, ஃபியட் வழிவந்த பத்மினியின் போல்ட்டுகள் மில்லிமீட்டர் அளவில் அமைந்தவை என்பது தெரியாமல் ஒரே ஸ்பேனர் தொகுதியோடு இரண்டையும் அணுகுபவர் போல்ட்டின் முனைகளை மழுக்கிவிட்டு வருந்துவார்.

ஆனால் உத்தர்பாராவிலிருந்து வெளிவந்த பிறகு அந்தக் கார் இந்தியச் சாலைகளில் பெற்ற மாற்றங்கள் எதுவும் அந்த ஆங்கில நூலில் இல்லை. கிடைக்காத உதிரிபாகத்துக்கு வேறெந்த வண்டியின் பாகத்தை எவ்வளவு கடைந்து பொருத்தலாம், மழைக்காலத்தில் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் ஈரம் புகாமல் காப்பது எப்படி, கோடைநெரிசலில் பெட்ரோல் குழாயிலேயே ஆவியாகி வண்டி நின்றுவிட்டால் என்ன செய்வது என்பனவெல்லாம் பட்டறைகளில் வாய்வழியாக மட்டுமே வழங்கிவந்த அறிவு. அதைவிட முக்கியம், காலம் கொண்டுவந்த மாற்றங்கள். 2000ஆம் ஆண்டில் இந்தியா முழுவதும் ஈயம் கலந்த பெட்ரோல் நிறுத்தப்பட்டது. ஈயத்தின் பாதுகாப்பை எதிர்பார்த்து வார்க்கப்பட்ட பழைய எஞ்சின்களில் வால்வு அமரும் விளிம்பு தேயும் அபாயம் அதனால் எழுந்தது. இப்போது 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் வந்துவிட்டது. எத்தனால் ஈரத்தை ஈர்க்கும். பழைய ரப்பர்க் குழாய்களையும் கார்புரேட்டருக்குள் இருக்கும் சவ்வுகளையும் கெடுக்கும். அறுபதாண்டுக்கு முந்தைய கையேடு எத்தனாலைப் பற்றி எப்படிப் பேசும்? இந்த எரிபொருளில் இந்த எஞ்சின் எப்படி நடந்துகொள்கிறது என்பதை இப்போது ஓட்டுபவரும் பழுதுபார்ப்பவரும்தான் அறிவார்கள். அவர்கள் எழுதவில்லையெனில் அது எங்கும் இருக்காது.

பட்டறையின் அறிவு எந்த வடிவில் இருக்கிறது என்பதற்கு ஒலியைப் போல் நல்ல சான்று வேறில்லை. அனுபவமுள்ள மெக்கானிக் எஞ்சின் மூடியைத் திறப்பதற்கு முன்பே நோயைச் சொல்லிவிடுவதைப் பலரும் கண்டிருப்பார்கள். அது மந்திரமன்று, கூரிய வகைப்பாடு. எஞ்சினின் வேகத்தில் பாதி வேகத்தில் மெல்லிதாகக் கேட்கும் ‘டிக்டிக்’ டேப்பெட்டின் இடைவெளி கூடியதைக் காட்டும். சுமை ஏறும்போது ஆழத்திலிருந்து வரும் ‘தடதட’ கிராங்க் தண்டின் பேரிங் தேய்ந்ததைக் காட்டும். குளிர்ந்த நிலையில் கேட்டு, சூடேறியதும் அடங்கும் ‘கொடகொட’ பிஸ்டன் சிலிண்டருக்குள் ஆடுவதால் வருவது. தமிழ் மெக்கானிக் இரட்டைக்கிளவியில் சொல்வதை இந்தி மெக்கானிக்கும் வங்க மெக்கானிக்கும் தத்தம் மொழியின் இரட்டித்த ஒலிக்குறிப்புகளால் சொல்கிறார்கள்.

மொழியியல் இதை நன்கறியும். இந்தியாவை ஒரே மொழியியற் பரப்பாகக் காணலாம் என்று 1956இல் எழுதிய எம். பி. எமனோ, 1969இல் வெளியிட்ட கட்டுரையில், ஒலிக்குறிப்புச் சொற்கள் திராவிட மொழிகளுக்கும் இந்தோ-ஆரிய மொழிகளுக்கும் பொதுவான பரப்புக்கூறுகளில் ஒன்று என்று காட்டினார். வங்க மொழியின் ஒலிக்குறிப்புகளை ரவீந்திரநாத் தாகூர் தனியே ஆராய்ந்தார். தொல்காப்பியமோ இரட்டைக்கிளவிக்கு இலக்கணமே வகுத்துவிட்டது. இந்த மரபு இன்று மிகத் துல்லியமான தொழில்நுட்பப் பயன்பாட்டில் வாழும் இடங்களுள் ஒன்று கார்ப் பட்டறை. எந்த ஒலி எந்தத் தேய்மானத்துக்கு உரியது என்ற அகராதி ஒன்று அங்கே இருக்கிறது. அச்சில் மட்டும் அது இல்லை.

பட்டறையின் பெயர்ச்சொற்களும் அப்படியே. மாற்றுச் சக்கரத்தை இந்தியா முழுவதும் ‘ஸ்டெப்னி’ என்கிறார்கள். 1904இல் வேல்ஸ் நாட்டின் லனெல்லி நகரில், ஸ்டெப்னி தெருவில் உருவான மாற்றுச் சக்கரத்தின் வணிகப் பெயர் அது. டிஸ்ட்ரிபியூட்டருக்குப் பல பட்டறைகளில் ‘டெல்கோ’ என்று பெயர். அமெரிக்காவில் 1909இல் தொடங்கப்பட்ட நிறுவனமொன்றின் பெயர்ச்சுருக்கம் இங்கே ஒரு பாகத்தின் பொதுப்பெயராகிவிட்டது. பின்பெட்டி ‘டிக்கி’, ஸ்டார்ட்டர் மோட்டார் ‘செல்ஃப்’, தீமுனை ‘பிளாட்டினம்’. இணையத்தில் ஆங்கிலப் பெயர்களை மட்டும் கற்றுக்கொண்டு கொல்கத்தாவின் மல்லிக் பஜாரிலோ டெல்லியின் மாயாபுரியிலோ சென்னையின் புதுப்பேட்டையிலோ போய் நிற்பவருக்கு, கடைக்காரரின் கைக்கு எட்டும் தொலைவில் இருக்கும் பொருள்கூடக் கிடைக்காது. இச்சொற்களைக் கொச்சை என்று ஒதுக்குவோரும், தூய கலைச்சொற்களால் மட்டுமே எழுத வேண்டும் என்போரும் ஒன்றை மறக்கிறார்கள்: பெயர் அழிந்தால் பொருளைத் தேடும் வழியும் அழியும்.

எழுதாத இந்த அறிவை எவரிடமிருந்து பெறுகிறார் வீட்டு மீட்பாளர்? இங்கேதான் ‘தானே கற்றல்’ என்ற தொடரின் சிக்கல் தொடங்குகிறது. காணொளிகளும் கையேடுகளும் வழியின் பாதிவரை கொண்டுசெல்லும். பிறகு ஒருநாள் மாலை, இறுகிப்போன பிரேக் டிரம் கழலாமல் நிற்கும். அல்லது எல்லாவற்றையும் சரியாகப் பூட்டிய பிறகும் எஞ்சின் திணறும். அப்போது தெருமுனைப் பட்டறையின் முதியவர் ஒருவரைத் தேடிப் போவார்கள். அவர் வந்து, டிரம்மின் விளிம்பை நான்கு பக்கமும் மெல்லத் தட்டச் சொல்வார். அல்லது டிஸ்ட்ரிபியூட்டரை ஒரு மயிரிழை திருப்பிவிட்டு, தேநீர் குடித்துவிட்டுப் போவார். அந்தப் பத்து நிமிடம் மூன்று மாத முட்டுக்கட்டையை விலக்கும். படத்துக்குக் கீழே எழுதும் வரியில் அவர் இடம்பெறுவதில்லை.

இதில் ஒரு மொழிச் சூழ்ச்சியும் இருக்கிறது. பட்டம் பெற்ற ஒருவர் தம் முற்றத்தில் இரண்டாண்டு முயன்று கற்றால் அவருக்குத் ‘தானே கற்ற கலைஞர்’ என்ற பெயர் கிடைக்கிறது. பள்ளியை விட்டுவிட்டுப் பன்னிரண்டு வயதில் பட்டறையில் சேர்ந்து, கிரீஸ் துடைத்து, கண்ணால் திருடிக் கற்று, நாற்பதாண்டு அத்தொழிலில் நின்றவர் ‘படிக்காத மெக்கானிக்’ என்றே வழங்கப்படுகிறார். இருவரில் எவர் உண்மையில் தானே கற்றவர்? கையேடு இல்லாமல், மொழி தெரியாத நிறுவனங்களின் வண்டிகளைக் கழற்றிப் புரிந்துகொண்டவருக்குத்தான் அந்தப் பட்டம் முதலில் உரியது. ஏகலைவன் கதையில் மாணவன் கட்டைவிரலை இழந்தான். இங்கே ஆசான்கள் பெயரை இழக்கிறார்கள்.

பதிப்புலகம் இதில் ஒரு நல்ல முன்மாதிரியைத் தருகிறது. உ. வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியை வெளியிட்டார். அவருடைய பதிப்புகளின் முன்னுரைகளில் ஏடு கொடுத்து உதவியவர்களின் பெயர்களும் ஊர்களும் நன்றியோடு பதிவாகியுள்ளன. அப்பெயர்ப் பட்டியலை வெறும் மரியாதை என்று கொள்ளலாகாது. எந்தப் பாடம் எந்த வழியில் வந்தது என்று பின்னால் வருபவர் அறிவதற்கான அடிப்படை அது. வண்டி மீட்பிலும் இதே தேவை இருக்கிறது. ‘இந்த முறையை இன்ன ஊரில் இன்ன பட்டறையாளர் சொன்னார்’ என்று, அவருடைய இசைவோடு எழுதினால், அவருக்கு உரிய மதிப்பும் கிடைக்கும். அம்முறை ஒரு வட்டாரத்துக்கு உரியதா, பொதுவானதா என்ற ஆய்வுக்கும் வழி திறக்கும். பெயரோடு கூலியும் சேர வேண்டும். பாகத்தைப் பழுதுபார்த்ததற்குக் கொடுப்பதைப் போலவே, உட்கார்ந்து கற்றுக்கொடுத்த நேரத்துக்கும் பணம் கொடுப்பதே முறை. தேநீரும் புன்னகையும் கூலியாகா.

இரண்டாம் கடமையாகிய திருத்தத்தைக் காட்டுதலில் சட்டமே ஓரளவு தலையிட்டிருக்கிறது. 2021 ஜூலையில் மத்திய அரசு கொண்டுவந்த விதிகளின்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்த, சட்டகம், கூடு, எஞ்சின் ஆகியவற்றில் பெருமாற்றம் செய்யப்படாத வண்டியைத் தொன்மை வாகனமாகப் பதிவு செய்யலாம். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய் கட்டணம், பத்தாண்டு செல்லுபடி. அவ்வாறு பதிவான வண்டியை அன்றாடப் போக்குவரத்துக்கோ வாடகைக்கோ ஓட்ட முடியாது. கண்காட்சி, பேரணி, பழுதுபார்ப்பு போன்றவற்றுக்கு மட்டுமே வெளியே எடுக்கலாம். இதில் மூலத்தன்மை குறித்த நிபந்தனை வரவேற்கத்தக்கது. பழைய கூட்டுக்குள் புதிய டீசல் எஞ்சினைப் பொருத்திவிட்டு அதை மீட்பு என்பது, மூலநூலில் தம் செய்யுள்களைச் செருகிவிட்டு அதைப் பதிப்பு என்பதற்கு ஒப்பாகும். மாற்றியே தீர வேண்டிய இடங்கள் உண்டு. பாதுகாப்புப் பட்டை, எத்தனாலைத் தாங்கும் குழாய், பிரகாசமான பின்விளக்கு ஆகியவை உயிர் காப்பவை. அவற்றை மாற்றுவதில் தவறில்லை. மாற்றியதை எழுதி வைக்காததே தவறு. கழற்றிய பழைய பாகத்தைப் பெட்டியிலிட்டு வண்டியோடு வைத்திருப்பவர், பாடபேதத்தை அடிக்குறிப்பில் தரும் பதிப்பாசிரியரைப் போன்றவர்.

ஆனால் இவ்விதி ஒரு பெரிய இடைவெளியை விட்டுவைத்திருக்கிறது. தனியார் காரின் பதிவு 15 ஆண்டில் முடிகிறது. பிறகு தகுதிச் சோதனையோடு ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். 15க்கும் 50க்கும் இடைப்பட்ட வண்டிக்குத் தொன்மை என்ற காப்பு இல்லை. 1970களின் நடுவில் பத்மினி என்ற பெயரோடு வந்த கார்களே இப்போதுதான் அந்த ஐம்பதைத் தொடுகின்றன. 1980களிலும் 1990களிலும் வந்த அம்பாசிடர்களும் பத்மினிகளும் அந்த இடைவெளிக்குள்தான் இருக்கின்றன. டெல்லித் தலைநகர் வட்டாரத்தில் பத்தாண்டு கடந்த டீசல் வண்டிகளுக்கும் பதினைந்தாண்டு கடந்த பெட்ரோல் வண்டிகளுக்கும் விதிக்கப்பட்ட தடையை 2018இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. அதன் எல்லைகள் பின்னரும் நீதிமன்றத்தில் விவாதிக்கப்பட்டுவருகின்றன. மும்பையில் கறுப்பும் மஞ்சளுமாக ஓடிய பத்மினி டாக்சிகள் 2023 அக்டோபர் இறுதியோடு விடைபெற்றன. கொல்கத்தாவின் மஞ்சள் அம்பாசிடர் டாக்சிகளும் பதினைந்தாண்டு வரம்பால் ஒவ்வொன்றாக நீங்கிவருகின்றன.

டாக்சி போனால் டாக்சியை நம்பியிருந்த பட்டறை போகும். பட்டறை மூடினால் அங்கே வேலை பார்த்தவர் வேறு பிழைப்புக்குப் போவார். கையில் இருந்த அறிவு பயன்பாடின்றித் தேய்ந்து அவரோடு முடியும். ஒரு மொழி அழிவதும் இவ்வாறே. பேசுவோர் அனைவரும் ஒருநாளில் மறைவதில்லை. பேசுவதற்கான தேவை முதலில் மறைகிறது. இளையோர் கற்காமல் விடுகிறார்கள். கடைசியில், கேட்க ஆளில்லாத சில முதியோர் எஞ்சுகிறார்கள். அம்பாசிடர் பட்டறையின் அறிவு இன்று அந்தக் கடைசிப் படியில் நிற்கிறது. அவர்களிடம் இப்போதும் கேள்வி கேட்டுக்கொண்டு வருபவர் வீட்டு மீட்பாளர் ஒருவரே. அவருடைய பொழுதுபோக்கு பொதுப்பொறுப்பாக மாறுவது இதனால்தான்.

இதற்கு மறுப்புகள் உண்டு. பழைய கார்கள் புகை கக்குபவை என்பது முதல் மறுப்பு. அது உண்மை. கார்புரேட்டர் காலத்து எஞ்சின்கள் பெரும்பாலானவற்றில் புகையைச் சுத்திகரிக்கும் கருவி கிடையாது. அது புதிய காருக்கு ஈடாகாது. எனவே பழைய காரை அன்றாடம் ஓட்டும் உரிமைக்காக வாதாடுவது பொருந்தாது. மாதத்தில் ஓரிரு நாள் ஓடும் மீட்ட வண்டியையும், நாள்தோறும் இருநூறு கிலோமீட்டர் ஓடும் டாக்சியையும் ஒரே தட்டில் நிறுக்கக் கூடாது என்பதே கேட்கத் தகுந்தது.

இது பணமுள்ளோர் விளையாட்டு என்பது இரண்டாம் மறுப்பு. இதிலும் உண்மை உண்டு. இடமும் ஓய்வும் இல்லாதவருக்கு இது எட்டாது. ஆனால் அரசர்களின் ரோல்ஸ் ராய்ஸ்களைக் காக்க ஆள்கள் எப்போதும் இருக்கிறார்கள். டாக்சி ஓட்டுநரும் அரசு அலுவலரும் மருத்துவரும் பயன்படுத்திய வண்டியைக் காப்பதற்குத்தான் ஆளில்லை. உழைப்பாளர் வரலாற்றின் பொருட்சான்றுகள் குறைந்த நாட்டில் அந்த வண்டிகளுக்கும் ஓர் இடம் வேண்டும்.

எல்லாவற்றையும் தொழில்வல்லாரிடமே விட்டுவிடலாமே என்பது மூன்றாம் மறுப்பு. சிலவற்றை விட்டுவிடத்தான் வேண்டும். சிலிண்டர் போரிங், கிராங்க் தண்டைத் தீட்டுதல் போன்றவை கடைசல் பட்டறைக்கு உரியவை. கூட்டின் சுமைதாங்கும் பகுதியில் பற்றவைப்பதைக் கற்றுக்குட்டிக் கை தொடக் கூடாது. காலியான பெட்ரோல் தொட்டி நிரம்பிய தொட்டியைவிட ஆபத்தானது. உள்ளே தங்கும் ஆவி ஒரு பொறிக்குக் காத்திருக்கும். பழைய பிரேக் பட்டைகளில் கல்நார் இருக்கக்கூடும். அந்தத் தூசியைக் காற்றால் ஊதாமல் ஈரத்துணியால் துடைத்தெடுக்க வேண்டும். இருபாகக் கலவைப் பெயின்டின் ஆவி நுரையீரலைக் கெடுப்பது. வீட்டு முற்றம் அதற்கு இடமன்று. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கடியில் நுழைவது தற்கொலைக்கு ஒப்பு. உறுதியான தாங்கிகள் இல்லாமல் எவரும் படுக்கக் கூடாது. எதைச் செய்யக் கூடாது என்று அறிவதும் தானே கற்பதன் ஒரு பாகம். எஞ்சிய பெரும்பகுதியை, பிரேக், மின்கம்பி, கார்புரேட்டர், இருக்கை, துரு நீக்கம் ஆகியவற்றை, பொறுமையுள்ள எவரும் கற்கலாம்.

ஆகவே செய்ய வேண்டியது பெரிய திட்டமொன்றுமில்லை. வண்டியோடு ஒரு குறிப்பேடு தொடங்குவது போதும். அதில் ஒவ்வொரு வேலைக்கும் தேதி, கண்ட நிலை, செய்தது, மாற்றிய பாகம், அதற்குப் பட்டறையில் வழங்கும் பெயர், சொன்னவரின் பெயர் ஆகியவை இருக்க வேண்டும். எந்த மொழியில் கேட்டாரோ அந்த மொழியில், கேட்ட சொல்லிலேயே எழுத வேண்டும். எஞ்சின் எழுப்பும் ஒலியைக் கைப்பேசியில் பதிந்து, அதற்கு மெக்கானிக் சொன்ன ஒலிக்குறிப்பையும் கண்டறிந்த நோயையும் பக்கத்தில் குறிக்கலாம். இவ்வாறு ஐம்பது குறிப்பேடுகள் சேர்ந்தால், எந்தப் பல்கலைக்கழகமும் இதுவரை தொகுக்காத ஒரு தொழிற்சொல்லகராதி உருவாகிவிடும். பொறியியல் மாணவருக்கும் மொழியியல் மாணவருக்கும் அது ஒருங்கே பயன்படும்.

மீட்ட வண்டியும் ஒருநாள் மீண்டும் துருப்பிடிக்கும். அன்று அதை மறுபடி கழற்றப்போகும் கை வேறொருவருடையதாக இருக்கும். டிக்கியில் ஸ்டெப்னிக்குப் பக்கத்தில் அந்தக் குறிப்பேடும் இருந்தால், அவர் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்காது.